பழைய டபுள் எட்ஜ் ரேசர்ல எது மழமழன்னு ஷேவ் பண்ணும்? அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதிலும்

விண்டேஜ் ரேசர்னா எதுலேர்ந்து எது வரைக்கும்?

ரெண்டு பக்கமும் கூரா இருக்கிற, தேஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கிற மெல்லிசு பிளேடு, அதுக்கான ரேசர், இதை கிங் கேம்ப் ஜில்லெட் அமெரிக்காவுல 1903ல விக்க ஆரம்பிச்சார். முதல் வருஷம் மொத்தமே 51 ரேசர்தான் வித்துச்சு, அடுத்த வருஷமே 90 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. 1904 நவம்பர்ல பேட்டன்ட் கிடைச்சுது. 1971ல ட்ராக் டூன்னு ரெட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ், அதாவது பிளேடு பதிச்ச தலையையே கழட்டி மாத்துறது, வந்த பிறகு டபுள் எட்ஜ் மெல்ல ஓரங்கட்டப்பட்டுச்சு, ஆனா 80கள் வரைக்கும் சில மாடல் வந்துட்டுதான் இருந்துச்சு. அந்த காலக்கட்டத்துல செஞ்ச ரேசரைத்தான் பொதுவா விண்டேஜ்னு சொல்றாங்க. மெர்க்கூர், வில்கின்சன், ஷிக்னு மத்த கம்பெனிகளும் செஞ்சாங்க, ஆனா செகண்ட் ஹேண்ட்ல கண்ணுல படுறது பெரும்பாலும் ஜில்லெட்தான், அதனால இங்கயும் பேச்சு அதைச் சுத்தியே போகும்.

இப்ப இருக்கிற அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜை விட இதுல குளோஸா வருமா?

வரும், ஆனா ரேசரை மட்டும் மாத்தினா வந்துடாது. கார்ட்ரிட்ஜ்ல முன்னாடி போற பிளேடு முடியை கொஞ்சம் இழுத்து விடும், அது உள்ள திரும்பப் போறதுக்குள்ள பின்னாடி வர்ற பிளேடு வெட்டிடும், அதனால ஒரே இழுப்புல வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். டபுள் எட்ஜ்ல தோலைத் தொடுறது ஒரே ஒரு பிளேடு, அதனால முதல் சுத்துல, அதாவது முகம் முழுக்க ஒரு தடவை ஷேவ் பண்ணி முடிச்சா, பாதி குறையும், ரெண்டாவதுல இன்னும் குறையும், மூணாவதுல மழமழன்னு ஆகும். அதாவது குளோஸ்ங்கிறது பாதி பிளேடு, பாதி எத்தனை சுத்து எப்படிப் போறீங்கங்கிறது. ரேசர் மாடல் என்ன பண்ணும்னா அந்த இடத்துக்குப் போற வழி சுகமா இருக்குமா இல்ல கழுத்தெல்லாம் எரியுமான்னு முடிவு பண்ணும். 'எது அதிகமா குளோஸ் ஷேவ் தரும்'னு கேக்குறதை விட 'என் தாடிக்கும் என் கைக்கும் எது தோலைக் கெடுக்காம குளோஸ் வரைக்கும் கொண்டு போகும்'னு கேட்டா சரியான ரேசர் கிடைச்சிடும், கீழ வர்ற பதில் எல்லாமே இதை வச்சுத்தான்.

மைல்டு, அக்ரசிவ்னு சொல்றாங்களே, அது என்ன?

பிளேடு எவ்வளவு தைரியமா தோல்மேல வருதுன்றதுதான். மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு கேப், அதாவது பிளேடு விளிம்புக்கும் அதுக்குக் கீழ தோல்மேல படுற கம்பி மாதிரி பாருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி. ரெண்டாவது எக்ஸ்போஷர், மேல் மூடியையும் கீழ் பாரையும் ஒட்டி ஒரு கோடு போட்டா அந்தக் கோட்டை விட்டு பிளேடு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கா இல்ல உள்ள பதுங்கி இருக்கான்னு. மூணாவது பிளேடை எவ்வளவு இறுக்கமா, விளிம்புக்கு எவ்வளவு பக்கத்துல பிடிச்சு வளைச்சிருக்காங்கன்னு. டபுள் எட்ஜ் பிளேடு வெறும் 0.1 மில்லிமீட்டர் கனம்தான், சரியா பிடிக்கலைன்னா முடியில படுறப்போ நடுங்கும், அந்த நடுக்கம்தான் நிறைய பேர் 'இந்த ரேசர் ரஃப்பா இருக்கு'ன்னு சொல்றதுக்கு நிஜமான காரணம்.

நிறைய பேர் கேப் நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு ரேசரை எடை போடுறாங்க, அது பத்தாது. கேப் பெருசா இருந்தும் எக்ஸ்போஷர் கம்மியா இருந்தா சாதுவாத்தான் இருக்கும்.

ஓப்பன் கோம்ப் வாங்கினா இன்னும் குளோஸா வருமா?

ஓப்பன் கோம்ப்னா பிளேடுக்கு கீழ சீப்புப் பல் மாதிரி இருக்கிறது, இன்னொரு டைப்ல அந்த இடத்துல முழு பார் இருக்கும். பல் இருந்தாலே அக்ரசிவ்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டு இருக்கு, ஆனா பல் இருக்கிறதால நடக்கிறது என்னன்னா நுரையும் நீளமான முடியும் நசுங்காம பிளேடு வரைக்கும் போகும், அவ்வளவுதான். நாலஞ்சு நாள் தாடியை எடுக்கிறவங்களுக்கு அது நிஜமாவே வித்தியாசம் தெரியும், பாரும் கேப்பும் அடைச்சுக்கிட்டு அடிக்கொரு தரம் கழுவ வேண்டியிருக்காது. தினமும் ஷேவ் பண்றவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல.

ஜில்லெட்டோட முதல் மாடல், எல்லாரும் ஓல்ட் டைப்னு சொல்றது, ஓப்பன் கோம்ப்தான். முதல் உலகப் போர்ல அமெரிக்க அரசாங்கம் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்குச்சு, ஒரு தலைமுறையே தானா ஷேவ் பண்ணக் கத்துக்கிட்டது இதுல. இதோட பல் மெல்லிசு, நூறு வருஷத்துல ஒண்ணு ரெண்டு பல் வளைஞ்சிருக்கும், வளைஞ்ச பல் இருக்கிற பக்கம் கேப் மாறிடும், அந்த ஒரு இடத்துல மட்டும் தோல் வெட்டுப்படும். இன்னொண்ணு, இந்த மாடல்ல கைப்பிடியை கொஞ்சம் லூஸ் பண்ணா பிளேடு வளைவு குறைஞ்சு கேப் அதிகமாகும், குளோஸ் வேணும்னா லூஸ் பண்ணுன்னு சொல்றவங்க இப்பவும் உண்டு, தயவுசெஞ்சு வேணாம், லூசான பிளேடு நடுங்கும்.

1921ல பேட்டன்ட் முடியுற நேரத்துல நியூ இம்ப்ரூவ்ட்னு ஒண்ணு விட்டாங்க, அது ஓல்ட் டைப்பை விட ரொம்பவே திடமா பிடிக்கும். 1930ல வந்ததுக்கு பேரே வெறும் நியூ. ரெண்டு வகை உண்டு, நீளப் பல், குட்டைப் பல். ஓப்பன் கோம்ப்ல ஒண்ணே ஒண்ணுதான் வாங்கணும்னா என் ஓட்டு நியூக்குதான், பிளேடை விளிம்பு வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிறதால அக்ரசிவ் பக்கம் இருந்தாலும் தோலைக் கிழிக்காது.

டெக் ரொம்ப மைல்டாமே, அதுல குளோஸ் வருமா?

வரும். பாவம், அளவுக்கு அதிகமா திட்டு வாங்குற ரேசர் இது.

டெக் 1930களோட கடைசியில வந்து பல பத்து வருஷம் ஓடுன ஜில்லெட் மாடல். மூணு பீஸ்தான், மூடி, அடித்தட்டு, கைப்பிடி. சுத்துற கதவு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல. பிளேடு உள்ள பதுங்கித்தான் இருக்கும், அதனால முதல் சுத்துல 'என்னடா இது வெட்டவே இல்லையே'ன்னு தோணும், அங்கதான் ஆளுங்க அழுத்த ஆரம்பிச்சு எரிச்சல் வாங்கிட்டு ரேசரைக் குறை சொல்றது. அழுத்தாம நல்ல கூர் பிளேடு போட்டு மூணு சுத்து போனா அக்ரசிவ் ரேசர் கொடுக்கிற அதே முடிவு இதுலயும் வரும். ஆரம்ப கால டெக்ல, அதாவது இரண்டாம் உலகப் போருக்கு முந்தினதுல, அடித்தட்டுல முக்கோண ஓட்டை இருக்கும், பிந்தினதுல அது கிடையாது. முக்கோண ஓட்டை டெக் கிடைச்சா விடாதீங்க, தட்டு கனமா இருக்கும், கொஞ்சம் கூடுதலா வெட்டவும் செய்யும்.

கனமான தாடி, அதுவும் வாரத்துக்கு ரெண்டே நாள் ஷேவ் பண்றவங்கன்னா டெக் பொறுமையைச் சோதிக்கும், அதை மறைக்க வேண்டியதில்ல.

சூப்பர் ஸ்பீட் எப்படி? அதுல கலர் கலரா டிப் இருக்கே?

கைப்பிடி அடியில இருக்கிற திருகைச் சுத்தினா மேல ரெண்டு கதவும் பட்டாம்பூச்சி மாதிரி விரியும், பிளேடை வச்சு திருப்பிச் சுத்தினா மூடிக்கும். இந்த ஏற்பாடு 1934லயே அரிஸ்டோக்ராட்னு விலை கூடின மாடல்ல வந்துடுச்சு, எல்லார் கைக்கும் போனது 1947ல சூப்பர் ஸ்பீட் வந்த பிறகுதான். 40கள் சூப்பர் ஸ்பீட் டெக்கை விட ஒரு படி மேல, ஆனா பயமுறுத்தாது, புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

50களோட நடுவுல மூணு வகையா பிரிச்சாங்க. திருகு முனையில நீல நிறம் இருந்தா மென்மையான தோலுக்கு, சிவப்பு இருந்தா முரட்டுத் தாடிக்கு, நிறம் இல்லாம முனை விரிஞ்சு இருக்கிறது நடுத்தரம். சிவப்பு டிப்புக்கு இப்ப டிமாண்ட் ஜாஸ்தி, அது கையில இருக்கிறவங்க கொஞ்சம் பெருமையாவும் பேசுவாங்க. நல்ல ரேசர்தான், ஆனா வாரக்கணக்குல பழகாத கையில முதல் நாளே சிவப்பு டிப் கொடுக்கக் கூடாது.

இங்கிலாந்துல செஞ்ச ஜில்லெட்டும் இருக்கு, சூப்பர் ஸ்பீடோட அங்கத்திய அண்ணன் தம்பி ராக்கெட், அது தவிர அங்கயும் ஒரு அரிஸ்டோக்ராட். பித்தளை கனமா இருக்கும், பூச்சும் நல்லா நிக்கும். அமெரிக்க மாடலும் இங்கிலாந்து மாடலும் ஒரே கண்டிஷன்ல கண்ணு முன்னாடி இருந்தா நான் இங்கிலாந்து மாடலைத்தான் எடுப்பேன்.

ஃபேட்பாயா ஸ்லிம்மா?

ரெண்டுமே அட்ஜஸ்டபிள், அதாவது கேப்பை நாமளே மாத்திக்கிற ஜில்லெட் ரேசர், இந்தச் சண்டை முடியவே முடியாது. ஃபேட்பாய் 1958லேர்ந்து 1961 வரைக்கும் வந்துச்சு, அதோட நிஜப் பேர் 195, காரணம் அன்னிக்கு விலை 1.95 டாலர். தலைக்குக் கீழ ஒரு வளையம், அதுல 1லேர்ந்து 9 வரைக்கும் நம்பர், வளையத்தைத் திருப்பினா அடியில இருக்கிற பார் மேல கீழ போய் கேப் மாறும். குண்டு கைப்பிடி, கிட்டத்தட்ட 80 கிராம் எடை. ஸ்லிம் அதுக்கு அடுத்து வந்து 1968 வரைக்கும் ஓடுச்சு, அதே 1லேர்ந்து 9, அதே வேலை, கைப்பிடி மட்டும் ஒல்லி, எடையும் கம்மி. அதுக்கும் அப்புறம் கறுப்பு கைப்பிடியோட சூப்பர் அட்ஜஸ்டபிள், ஆளுங்க பிளாக் ப்யூட்டின்னு கூப்பிடுறது, அது இன்னும் லேசு, மூணுலயும் சாதுவானதும் அதுதான்.

ஷேவ் முடிவுல ஃபேட்பாய்க்கும் ஸ்லிம்முக்கும் கண்ணைக் கட்டிட்டு கன்னத்தைத் தடவிப் பார்த்தா யாராலயும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஃபேட்பாய் அழகு, கையில பிடிச்சா ஒரு கெத்து, அதுக்காகத்தான் விலை ஏறிப் போய் உக்காந்திருக்கு. மூக்குக்குக் கீழ, உதட்டு ஓரம் எல்லாம் போறப்போ ஸ்லிம்மோட சின்னத் தலை நல்லாவே சௌகரியம். அதனால ஷேவ் பண்ண ஸ்லிம், அலமாரியில வைக்க ஃபேட்பாய், கோவிச்சுக்காதீங்க.

அட்ஜஸ்டபிள்ல எந்த நம்பர்ல வைக்கிறது?

3ல ஆரம்பிங்க. அதுல ஒரு வாரம் போங்க, நடுவுல மாத்தாதீங்க, பிளேடும் மாத்தாதீங்க. எரிச்சல் இல்லாம ஆனா கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் இருந்தா 4 அல்லது 5. பழகினவங்க ஒரே ஷேவ்லயே மாத்துவாங்க, முதல் சுத்து தாடி நிறைய இருக்கிறப்போ 6 மாதிரி, ரெண்டாவது 4, எதிர்த்திசையில போற கடைசி சுத்து 2. அட்ஜஸ்டபிளோட அசல் பலனே இதுதான், ஆனா முக்கால்வாசிப் பேர் ஒரு நம்பரைக் கண்டுபிடிச்சதும் அப்புறம் அந்த வளையத்தைத் தொடுறதே இல்ல, அப்படிப்பட்டவருக்கு சூப்பர் ஸ்பீடே போதும். 9ல வச்சா அதிகமா குளோஸ்னு நினைச்சா அது தப்பு, 9ல கேப் பெருசாகி பிளேடுக்கு ஆதரவு குறையும், அவ்வளவுதான்.

நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி அடித் திருகை லேசா தளர்த்திட்டு மாத்திட்டு மறுபடி இறுக்குங்க. அறுபது வருஷப் பொருள், இறுக்கமா இருக்கிறப்போ வளையத்தை முறுக்கினா உள்ள தேய்மானம் ஜாஸ்தி.

ஸ்லான்ட்னு ஒண்ணு கோணலா இருக்கே, அது டிஃபெக்டா?

இல்ல, வேணும்னே கோணலா செஞ்சது. மெர்க்கூர் மாதிரி ஜெர்மன் கம்பெனிங்க செஞ்சது, தலையோட ஒரு முனை தாழ்ந்தும் இன்னொரு முனை உயர்ந்தும் இருக்கும், பிளேடும் அதோட முறுகி நிக்கும். வாழைத்தண்டை நேரா அமுக்கி வெட்டுறதுக்கும் அரிவாளைச் சாய்ச்சு இழுத்து வெட்டுறதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் இதுலயும், சாய்வா வெட்டுறப்போ முடி தடுக்காம அறுபடும். முள்ளு முள்ளா தடிச்ச தாடிக்காரங்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனா முறுகின பிளேடு அழுத்தத்தை மன்னிக்காது, கையில அழுத்துற பழக்கம் போன பிறகு வாங்குங்க.

இப்ப கிடைக்கிற பிளேடு நூறு வருஷ ரேசர்ல பொருந்துமா?

பொருந்தும். ஓல்ட் டைப்புக்கான பிளேடுல மூணு வட்ட ஓட்டை இருக்கும், இப்ப வர்ற பிளேடுல நடுவுல நீளமா ஒரு வெட்டு, அந்த மூணு முளையும் இந்த நீள வெட்டுக்குள்ள உக்காந்துடும். பழைய டப்பாவோட கூடவே வர்ற துரு ஏறின அந்தக் காலத்து பிளேடு பாக்கெட்டைப் பிரிச்சு ஷேவ் பண்ணிப் பாக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அது காட்சிப் பொருள்.

எந்த பிளேடுங்கிறது ரேசரைப் பொறுத்தது. ஃபெதர் ரொம்பக் கூர், அதை டெக் மாதிரி சாதுவான ரேசர்ல போட்டா அட்டகாசமா இருக்கும், அதையே ஸ்லிம் 7ல போட்டா ரத்தக்களரி. டெர்பி மென்மை, அக்ரசிவ் ரேசர்ல ஒத்துப் போகும், டெக்ல போட்டா இழுக்கும். ஆஸ்ட்ரா, ஜில்லெட் சில்வர் ப்ளூ எல்லாம் நடுவுல, பெரும்பாலும் எதுலயும் ஒத்துக்கும். முன்னாடி பிளேடு எல்லாம் கார்பன் ஸ்டீல், 60கள்ல தான் ஸ்டெயின்லெஸ் பரவுச்சு, இப்ப அதுமேல பிளாட்டினம், டெஃப்லான் பூச்சு வேற. ஓல்ட் டைப்பும் நியூவும் அந்தக் காலத்து கார்பன் பிளேடை மனசுல வச்சு செஞ்சது, அதனால இன்னிக்கு பிளேடு போட்டா எதிர்பார்த்ததை விட வேகமாவே வெட்டும், முதல் நாள் ஜாக்கிரதை.

ரேசர் சரியில்லைன்னு விக்கிறதுக்கு முன்னாடி மூணு நாலு வகை பிளேடாவது மாத்திப் பாருங்க, செலவு கம்மி, வித்தியாசம் பெருசு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறப்போ என்ன பாக்கணும்?

மாடலை விட கண்டிஷன் முக்கியம், வளைஞ்ச ஃபேட்பாயை விட நேரான டெக் நூறு மடங்கு மேல. புது பிளேடு ஒண்ணை மாட்டி மூடிட்டு ரேசரை வெளிச்சத்துக்கு எதிரா கண்ணு மட்டத்துல பிடிங்க. மூடிக்கும் பாருக்கும் நடுவுல ஒரு மெல்லிசு வெள்ளிக் கோடு மாதிரி பிளேடு விளிம்பு தெரியும், அந்தக் கோடு இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே அகலமா இருக்கணும், ஒரு பக்கம் தடிச்சு இன்னொரு பக்கம் மெலிஞ்சிருந்தா பிளேடு கோணலா உக்காந்திருக்கு. அப்படியே திருப்பி அடுத்த பக்கம் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணும். சில சமயம் பிளேடை ஒரு தடவை எடுத்து மறுபடி வச்சாலே சரியாயிடும், மூணு தடவை வச்சும் கோணலாவே இருந்தா தலை அடிபட்டிருக்கு.

கதவு வச்ச மாடல்னா ரெண்டு கதவும் ஒரே நேரத்துல மூடுதா, மூடினா அடியில திருகு கடைசியில ஒரு இறுக்கத்துக்கு வருதா பாருங்க. அட்ஜஸ்டபிள்ல 1லேர்ந்து 9 வரைக்கும் வளையத்தைச் சுத்திட்டு பார் நிஜமா நகருதான்னு கண்ணால பாருங்க, நம்பர் மட்டும் சுத்தும் பார் அசையாதுன்னா உள்ள அழுக்கு கட்டியிருக்கும் அல்லது உடைஞ்சிருக்கும். ஓல்ட் டைப், நியூ இதுகள்ல கைப்பிடி குழாய் மாதிரி இருக்கும், நீளவாக்குல மயிரிழை விரிசல் விடுற நோய் உண்டு, ஆன்லைன்ல வாங்குறதுன்னா கைப்பிடியைச் சுத்தி நாலு பக்கமும் ஃபோட்டோ கேளுங்க. பச்சை படிஞ்சிருந்தா பயப்பட வேணாம், அது பித்தளைக் களிம்பு, போயிடும். பூச்சு உரிஞ்சு குழி விழுந்திருந்தா அது போகாது.

மூணு பீஸ் ரேசர்ல தலை ஒண்ணு கைப்பிடி ஒண்ணுன்னு சேத்து விக்கிறது சகஜம், ஷேவுக்கு பாதகமில்ல, கலெக்டர் விலை கொடுக்காதீங்க. இன்னொண்ணு, பழைய ஜில்லெட் மரையும் இப்ப வர்ற ரேசர்ல இருக்கிற எம்5ங்கிற அளவு மரையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அச்சு அசலா ஒண்ணு கிடையாது. கையால சுலபமா ஏறினா ஏத்துங்க, தடுக்கினா நிறுத்திடுங்க, வலுக்கட்டாயமா முறுக்கினா மரை போயிடும்.

எந்த வருஷத்து ரேசர்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

50, 60களோட ஜில்லெட்ல தலைக்கு அடிப்பக்கம் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் பொறிச்சிருக்கும். எழுத்து வருஷம், எண் அந்த வருஷத்தோட எந்தக் காலாண்டுன்னு. ஏ 1955, பி 1956, அப்படியே வரிசையா போகும், ஃபேட்பாய்ல இ-4ன்னு இருந்தா 1959 கடைசி மூணு மாசம். சொந்தம் பந்தம் யாராவது பிறந்த வருஷ ரேசரைத் தேடிப் பிடிச்சு வாங்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஷேவுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆனா ஆசை யாரை விட்டுது.

யாரோ யூஸ் பண்ணது, எப்படி கிளீன் பண்றது?

பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, ஒரு மணி நேரம் ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. முக்கால்வாசி அழுக்கு காஞ்ச சோப்புதான், கரைஞ்சு வந்துடும். நல்லா காய வச்சுட்டு 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கொஞ்ச நேரம் போட்டு எடுங்க, அது போதும். அட்ஜஸ்டபிள் இறுகியிருந்தா வெந்நீர்லயே திரும்பத் திரும்ப ஊற வச்சு பொறுமையா அசைச்சுப் பாருங்க, இடுக்கி வச்சு திருப்புற வேலையே கூடாது.

செய்யக் கூடாதது: வினிகர், எலுமிச்சையில ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, பூச்சு போயிடும். அமோனியா கலந்த கிளீனர் வேணாம், பித்தளையில விரிசல் விட வைக்கும். தங்கப் பூச்சு போட்ட மாடலை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்ச்சா தங்கமே துணியோட வந்துடும், அது அவ்வளவு மெல்லிசு. பேக்லைட், பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தா கொதிக்கிற தண்ணி காட்டாதீங்க. அல்ட்ராசோனிக் கிளீனர் வச்சிருக்கிறவங்க அட்ஜஸ்டபிளை அதுல ரொம்ப நேரம் போட்டா நம்பர்ல இருக்கிற பெயின்ட் உதிரும்.

எல்லாம் சரி, தாடைக்கு கீழ மட்டும் சொரசொரப்பு போகவே மாட்டேங்குது?

எல்லாருக்கும் இதே இடம்தான். காரணம் ரேசர் கிடையாது, அங்க முடி வளர்ற திசை. கன்னத்துல முடி மேலேர்ந்து கீழ வளரும், கழுத்துல பாதிப் பேருக்கு பக்கவாட்டுல, சிலருக்கு கீழேர்ந்து மேல, இன்னும் சிலருக்கு சுழியா. ஷேவ் பண்ணாம ரெண்டு நாள் விட்டுட்டு விரல் நுனியால நாலு திசையிலயும் தடவிப் பாருங்க, எந்தத் திசையில தடவினா முள்ளு குத்துதோ அது எதிர்த்திசை. இதை ஒரு தடவை மனசுல வரைஞ்சு வச்சுக்கிட்டா வாழ்க்கை முழுக்க உதவும்.

அப்புறம் முறை இதுதான், குளிச்சிட்டு அல்லது முகத்தை நல்லா வெந்நீர்ல நனைச்சிட்டு நுரை போடுங்க, கேன்ல வர்ற ஃபோமை விட பிரஷ்ஷால அடிச்ச நுரை வழுக்கும். முதல் சுத்து முடி வளர்ற திசையில, மறுபடி நுரை, ரெண்டாவது குறுக்க, மறுபடி நுரை, மூணாவது எதிர்த்திசையில. பிளேடு தோலோட சுமார் 30 டிகிரியில நிக்கணும், அதுக்கு அளவுகோல் வேணாம், மூடியை கன்னத்துல படுக்க வச்சு கைப்பிடியை மெல்ல கீழ இறக்குங்க, பிளேடு முடியைத் தொட்டதும் 'சர்ர்'னு சத்தம் வரும், அந்த இடத்துலயே கையை நிறுத்திக்கங்க. சத்தம் நின்னுட்டா கோணம் மாறிடுச்சுன்னு அர்த்தம். இழுப்பு சின்னச் சின்னதா, ரேசரோட எடையே போதும், கை சும்மா வழி காட்டணும். தாடைக்கு கீழ தோலை இன்னொரு கையால மேல இழுத்துப் பிடிச்சு, அந்தத் தொங்குற தோலை தாடை எலும்புமேல ஏத்திக் கொண்டு வந்துட்டு ஷேவ் பண்ணுங்க, தட்டையான இடத்துல பிளேடு ஒழுங்கா படும்.

குளோஸ் ஷேவ் பண்ணா பருப்பருவா கட்டி வருது, ரேசரை மாத்தணுமா?

முடி சுருளா இருக்கிறவங்களுக்கு இது ரொம்பவே வரும். தோலுக்குக் கீழ வரைக்கும் வெட்டினா முடி வளைஞ்சு தோலுக்குள்ளயே குத்தி வளரும், அதுதான் கட்டி. இவங்களுக்கு மழமழப்புதான் பிரச்சினையே. எதிர்த்திசைச் சுத்தை முழுசா விட்டுடுங்க, டெக் மாதிரி சாதுவான ரேசர்ல ஒரு சுத்து, மிஞ்சினா குறுக்க இன்னொண்ணு, அதோட நிறுத்துங்க. லேசா நிழல் தெரியும், பரவாயில்ல. கட்டி பழுத்து வலிச்சா ரேசர் ஆராய்ச்சியை விட்டுட்டு தோல் டாக்டரைப் பாருங்க.

ஜெம் ரேசர்ல இதே பிளேடு போடலாமா?

முடியாது. அது ஒரு பக்கம் மட்டும் கூர் இருக்கிற, டபுள் எட்ஜை விட ரெண்டு மடங்குக்கும் மேல கனமான பிளேடு. நல்லா விறைப்பா வெட்டும், ஆனா அது தனி உலகம்.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன், எது?

தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் பண்றவர்னா 40கள் சூப்பர் ஸ்பீட் இல்ல முக்கோண ஓட்டை டெக், எது நல்ல கண்டிஷன்ல முதல்ல கிடைக்குதோ அது. வாரம் ரெண்டு தடவைதான்னா 1930 நியூ. எனக்கு எதையாவது திருகிக்கிட்டே இருக்கணும்னா ஸ்லிம். ஸ்லான்ட்டும் சிவப்பு டிப்பும் ரெண்டாவது ரேசரா வரட்டும், வராமலும் இருக்காது, இந்தப் பழக்கம் ஒண்ணோட நிக்கிறதில்ல.

தேஞ்ச பிளேடை எங்க போடுறது?

சும்மா குப்பையில போடாதீங்க, குப்பை அள்ளுறவங்க கைதான் வெட்டுப்படும். ஒரு காலி டின்ல பிளேடு நுழையுற அளவு மட்டும் கீறல் போட்டு அதுல சேருங்க, பல வருஷம் ஆகும் நிறையறதுக்கு, நிறைஞ்சதும் கீறலை டேப் போட்டு அடைச்சு பழைய இரும்போட கொடுத்துடலாம். அந்தக் காலத்து அமெரிக்க வீடுகள்ல குளியலறைக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், பிளேடைத் தள்ளினா நேரா சுவருக்குள்ள விழும், அவ்வளவுதான் ஏற்பாடு, அதை யார் எடுப்பாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கல. இப்ப வீட்டை இடிச்சுக் கட்டுறவங்க சுவரைத் திறந்தா துருப்பிடிச்ச பிளேடு கொட்டுது.